பால்மரத்தின் பாதை – 27: பீங்கான் கைகள் நின்ற வாரம்

கையுறைத் தொழிற்சாலையின் படத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர்களைத் திடுக்கிட வைப்பவை அந்தக் கைகள். வெள்ளைப் பீங்கானில் செய்த ஆயிரக்கணக்கான கைகள், விரல்கள் கீழ்நோக்கித் தொங்க, சங்கிலியில் கோத்தாற்போல நகர்ந்துகொண்டே இருக்கும். முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முங்கும். அடுத்தது ரப்பர்ப் பால் தொட்டி. அதில் முங்கி எழுந்து உலைக்குள் போய் வெளியே வரும்போது பீங்கானின் மேல் மெல்லிய தோல் ஒன்று உட்கார்ந்திருக்கும். கழுவி, விளிம்பைச் சுருட்டி, மறுபடி வேகவைத்து, அந்தத் தோலை உரித்தெடுத்தால் கையுறை. உரிபட்ட பீங்கான் கை குளித்துவிட்டு வரிசையின் தலைமாட்டுக்குப் போய்ச் சேரும். வேகமான வரிசை ஒன்றில் மணிக்கு 40,000 கையுறைக்கு மேல் உரியும். இரவும் பகலும் ஓடுகிற வேலை இது. நிறுத்தினால் உலை ஆறிவிடும், தொட்டியில் இருக்கிற பால் வீணாகும்.

2020 நவம்பர் 23 அன்று, கிள்ளானை அடுத்த மேருவில் இப்படிப்பட்ட 28 தொழிற்சாலைகளைக் கட்டம் கட்டமாக மூடும்படி மலேசிய அரசு அறிவித்தது. அத்தனையும் டாப் குளோவ் என்ற ஒரே நிறுவனத்தினுடையவை. உலகத்தில் மாட்டப்படும் கையுறைகளில் நான்கில் ஒன்று அந்த நிறுவனம் செய்தது. அதன் தொழிலாளர்களில் அதுவரை 5,767 பேரைச் சோதித்ததில் 2,453 பேருக்குக் கொரோனா. நோயிலிருந்து உலகத்தைக் காக்கக் கையுறை செய்தவர்களையே நோய் பிடித்த முரணைப் பத்திரிகைகள் அப்போதே எழுதித் தீர்த்துவிட்டன. எனக்கு இருப்பது வேறு கேள்வி. கிள்ளானில் ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பதை நம்பி உலகத்து மருத்துவமனைகள் இருக்கும்படி எப்படி ஆயிற்று?

இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறவர்களுக்குப் பாதி விடை தெரிந்திருக்கும். 1876இல் ஹென்றி விக்கம் தபாஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றியதும், லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனதும், 1877இல் வெறும் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்ததும் பழைய கதை. பிரேசிலில் பால்மரத்தைத் தோட்டமாக நெருக்கி நட முடியாமல் போனதற்குக் காரணம் இலைக்கருகல் பூஞ்சை. காட்டில் ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று நிற்கும்போது மரம் தப்பித்துவிடும்; பக்கத்தில் பக்கத்தில் நட்டால் ஒரே வீச்சில் எல்லா மரமும் மொட்டையாகும். ஹென்றி ஃபோர்ட் அங்கே தோட்டம் போடக் கொட்டிய பணமே அதனிடம் தோற்றது. அந்தப் பூஞ்சை கடல் தாண்டி வராததால்தான் உலகத்து ரப்பரில் பெரும்பகுதி தென்கிழக்கு ஆசியாவின் ஒரு மூலையில் வந்து குவிந்தது. ஆக, இந்தச் சரக்குச் சங்கிலிக்கு முதல் முடிச்சுப் போட்டதே ஒரு தொற்றுநோய். அது மரத்துக்கு வந்தது. நெருக்கி நட்டால் நோய் பரவும் என்ற பாடத்தை மரத்தின் விஷயத்தில் தோட்ட முதலாளிகள் நன்றாகவே கற்றிருந்தார்கள்.

மீதிப் பாதி விடையும் ஒரு தொற்றுநோயில்தான் இருக்கிறது.

அறுவைக் கூடத்துக்குள் ரப்பர் கையுறை நுழைந்தது நோயாளிக்காக அல்ல. 1889-90 வாக்கில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவரிடம் வேலைபார்த்த கரோலைன் ஹாம்ப்டன் என்ற செவிலிக்குக் கிருமிநாசினியாகப் பயன்பட்ட பாதரசக் கரைசலால் கையெல்லாம் புண்ணானது. மருத்துவர் குட்இயர் ரப்பர் நிறுவனத்துக்கு எழுதி மெல்லிய கையுறை செய்து வாங்கிக்கொடுத்தார். பிறகு அந்தப் பெண்ணையே மணந்துகொண்டார். காதல் பரிசாக வந்த பொருள் அடுத்த பல பத்தாண்டுகளில் கொதிநீரில் போட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பொருளாகவும், அப்புறம் ஒருமுறை மாட்டிவிட்டு எறியும் பொருளாகவும் மெல்ல மாறியது. எல்லாம் நிதானமாகத்தான் நடந்தது, எய்ட்ஸ் வரும்வரை.

எந்த நோயாளியின் ரத்தத்திலும் கிருமி இருக்கலாம் என்று கருதியே தொட வேண்டும் என அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 1987இல் அறிவுறுத்தியது. பல் மருத்துவர், ஊசி போடுகிறவர், ஆம்புலன்ஸ் ஆள் என்று எல்லோருக்கும் ஒரே நாளில் கையுறை வேண்டியதாயிற்று. ரப்பர் விலை வீழ்ந்து சோர்ந்திருந்த மலேசியாவில் காற்று திரும்பியது. கடன் வாங்கக்கூடியவர்கள் எல்லாம் தொட்டி கட்டினார்கள். நூற்றுக்கணக்கில் தொடங்கிய கம்பெனிகளில் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே மூழ்கின. தேவை பொங்கும், எல்லோரும் குதிப்பார்கள், விலை விழும், பலர் மடிவார்கள். இந்தச் சுற்றை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூழ்காமல் மிஞ்சியவர்களோடும் அடுத்து வந்தவர்களோடும் தொழில் கெட்டிப்பட்டது. ரப்பர் வியாபாரக் குடும்பத்தில் பிறந்த லிம் வீ சாய் 1991இல் மூன்றே உற்பத்தி வரிசைகளோடு தொடங்கியதுதான் டாப் குளோவ்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 1990களில் மரப்பாலின் புரதம் பலருக்கு ஒவ்வாமை தருவது தெரிந்து, நைட்ரைல் என்ற செயற்கைப் பாலுக்குத் தொழில் மாறத் தொடங்கியது. அது பெட்ரோலியத்திலிருந்து வருவது. கிள்ளானைச் சுற்றியிருந்த பால்மரங்களும் செம்பனைக்கு வழிவிட்டுக் கொண்டிருந்தன. மிச்சமிருந்த மரப்பால் தேவைக்கும் மலேசியா தாய்லாந்தின் கையை எதிர்பார்த்தது. மரம் போய்விட்டது, பாலும் மாறிவிட்டது. ஆனாலும் தொழில் இடம்பெயரவில்லை. தொட்டியின் சூடு, அச்சின் வேகம், பாலின் பக்குவம் எல்லாம் கைவந்த மேற்பார்வையாளர்கள் அங்கேதான் இருந்தார்கள். மலிவான எரிவாயு, பக்கத்திலேயே துறைமுகம், எல்லாவற்றுக்கும் மேலாக ஊரை விட்டு வந்து தொழிற்சாலை தந்த இடத்தில் படுத்துக்கொள்ளும் தொழிலாளிகள். நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் அவர்கள் வந்தார்கள். 2020 வந்தபோது உலகத்துக் கையுறையில் மூன்றில் இரண்டு பங்கு மலேசியாவினுடையது.

*

கொரோனாவின் முதல் மாதங்களில் அரசுகள் செய்தது கதவைச் சாத்தியது. சீனாவில் வூஹான் மூடப்பட்ட அடுத்த வாரமே, ஜனவரி 31 அன்று, இந்தியா பாதுகாப்புக் கவச ஏற்றுமதியைத் தடைசெய்தது, சில நாளில் தளர்த்தியது, மறுபடி இறுக்கியது. ஏப்ரல் கடைசியில் உலக வர்த்தக அமைப்பு கணக்கெடுத்தபோது 80 நாடுகளும் தனிச் சுங்கப் பகுதிகளும் ஏதாவதொரு ஏற்றுமதித் தடையைப் போட்டிருந்தன. பஞ்சம் வரும் என்று கேள்விப்பட்டதும் ஆளுக்கு ஒரு மூட்டை அரிசியைப் பதுக்கினால் பஞ்சம் அன்றைக்கே வந்துவிடும் அல்லவா, அந்தக் கதைதான். கையுறைக்கு அப்படித் தடை போட மலேசியாவுக்கு அவசியம் இருக்கவில்லை. அதன் சிக்கல் வேறு. மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நாட்டின் தொழிற்சாலைகள் மூடின. அத்தியாவசியத் தொழில் என்று கையுறைக்கு விலக்குக் கிடைத்தாலும் முதலில் பாதி ஆட்களோடுதான் ஓட்ட அனுமதி. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரிசைகளை முழு வேகத்தில் ஓட்டச் சொல்லி நெருக்குதல் வந்துகொண்டே இருந்தது.

அந்த மார்ச் 24 அன்று வாஷிங்டனில் நடந்த ஒரு சிறு காரியத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டாய உழைப்பால் செய்த சரக்கு என்று முந்தைய அக்டோபரில் அமெரிக்கச் சுங்கத்துறை ஒரு மலேசியக் கையுறை நிறுவனத்தைத் தடுத்து வைத்திருந்தது. அன்று அந்தத் தடை விலகியது. அங்கே நிலைமை சீர்பட்டுவிட்டதாக அதிகாரிகள் காரணம் சொன்னார்கள். தேதியைப் பார்த்தால் சந்தேகம் தோன்றத்தான் செய்யும். தோன்றிவிட்டுப் போகட்டும்.

விலை ஏறியது. 2, 3 சென்ட்டுக்கு விற்ற நைட்ரைல் கையுறை பத்து சென்ட்டைத் தாண்டியது. கையுறை என்று பெயர் இருந்தால் போதும், முகம் தெரியாத தரகர்கள் கோடிக்கணக்கில் முன்பணம் வாங்கினார்கள். பாங்காக் பக்கம் ஒரு கிடங்கில், பயன்படுத்தி எறிந்த கையுறைகளை நீலச் சாயம் கலந்த தண்ணீரில் அலசிக் காயவைத்துப் புதுப்பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்ததை அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்ட சரக்கு அமெரிக்கா வரை போனது. செய்த கையுறையை ஏற்றப் பெட்டியும் கிடைக்கவில்லை. ஷாங்காயிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குச் சுமார் 1,500 டாலருக்குப் போன நாற்பதடிப் பெட்டி, 2021 இலையுதிர் காலத்தில் 10,000 டாலருக்கு மேல் கேட்டது. 2019இல் 37 கோடி ரிங்கிட்டை ஒட்டி இருந்த டாப் குளோவின் ஆண்டு லாபம் 2021இல் 700 கோடியைத் தாண்டியது. இந்த எண்ணைப் படித்த பிறகு கீழே வருவதைப் படியுங்கள்.

2020 மே மாதம் நேபாளத் தொழிலாளி ஒருவர், தொழிற்சாலைக்குள் ஆட்கள் நெருக்கியடித்து நிற்பதைக் கைபேசியில் இரண்டு படம் எடுத்தார். படம் வெளியே போனது. எடுத்தவர் செப்டம்பரில் வேலை இழந்தார். தங்குமிடங்கள் இன்னும் நெருக்கம். அடுக்குக் கட்டில்கள், காற்றோட்டம் இல்லாத அறைகள், ஒரே குளியலறைக்கு நீண்ட வரிசை. நவம்பரில் நோய் வெடித்த பிறகு மலேசிய அரசின் தொழிலாளர் துறை உள்ளே போய்ப் பார்த்து, சட்டம் சொன்ன அளவுக்கு இடமில்லை என்று விசாரணைக் கோப்புகளைத் திறந்தது. பீங்கான் கைகளை நிறுத்தியது கச்சாப்பொருள் தட்டுப்பாடோ கப்பல் தாமதமோ கிடையாது. ஒருவர் எழுந்து வேலைக்குப் போனால் அந்தச் சூட்டிலேயே இன்னொருவர் படுக்கும்படியான வாழ்க்கைதான் நிறுத்தியது. சரக்குச் சங்கிலி எங்கே அறும் என்று மேசைமேல் வரைபடம் விரித்துத் தேடியவர்களில் எத்தனை பேர் தொழிலாளியின் கட்டிலை அதில் குறித்திருப்பார்கள்?

*

இதே கிள்ளான் ஒருமுறை ஏற்கெனவே நோயால் நிற்கப் பார்த்தது. 1901 செப்டம்பரில் கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. இன்று போர்ட் கிள்ளான் என்கிறோம். திறந்த சில வாரங்களிலேயே அங்கே வேலைசெய்தவர்கள் மலேரியாவில் சாய ஆரம்பித்தார்கள். கப்பல்களுக்குச் சரக்கு ஏற்ற ஆளில்லை. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று அரசாங்கம் யோசித்தது. அந்த ஆண்டுதான் கிள்ளானுக்கு மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் வந்திருந்தார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டு நான்கே ஆண்டு ஆகியிருந்தது. வாட்சன் கால்வாய் வெட்டச் சொன்னார், சதுப்பை வற்றவைத்தார், குடியிருப்பைச் சுற்றிக் காட்டை அழித்தார். துறைமுகம் பிழைத்தது. பிறகு அவர் கவனம் பால்மரத் தோட்டங்களின் பக்கம் திரும்பியது. அங்கே லயங்களில் படுத்திருந்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்.

அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்த வழியைக் கங்காணிகள் பற்றிய பகுதிகளில் விரிவாகவே எழுதினேன். கப்பல் கூலி, வழிச் செலவு, ஊரில் அடைத்த பழைய கடன் எல்லாம் சேர்ந்து தொழிலாளியின் தலையில் முன்பணமாக ஏறும். அதைக் கழிக்கும்வரை அவன் பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நிற்க வேண்டும். அங்கே சொல்லாமல் விட்ட ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1907இல் மலாயாவில் தமிழர் குடிவரவு நிதி என்று ஒன்றைச் சட்டம் போட்டு உண்டாக்கினார்கள். தமிழ்த் தொழிலாளியை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், அவர் நாகப்பட்டினத்திலிருந்து ஆள் கூட்டினாலும் கூட்டாவிட்டாலும், ஆள் கணக்குக்கு அந்த நிதியில் பணம் கட்ட வேண்டும். கப்பல் கட்டணத்தை அந்த நிதி ஏற்கும். பயணக் கடன் தொழிலாளியின் பெயரில் எழுதப்படாது.

இது கருணையால் வந்த சட்டம் இல்லை. ஒருவர் செலவு செய்து கூட்டிவந்த ஆட்களைப் பக்கத்துத் தோட்டக்காரர் சும்மா இழுத்துக்கொள்வதைத் தடுக்க முதலாளிகளே விரும்பிய ஏற்பாடு. கூலி உயரவில்லை, லயம் பெருக்கவில்லை, சாவு உடனே குறையவுமில்லை. இருந்தாலும், ஆள் வந்துசேரும் செலவைத் தொழில்தான் ஏற்க வேண்டும், எல்லா முதலாளியும் சேர்ந்து ஏற்க வேண்டும் என்ற கணக்கு காலனிக்காரனுக்கு 1907இலேயே பிடிபட்டிருந்தது. 2020இல் கிள்ளானில் அந்தக் கணக்கு மறந்துபோயிருந்தது. வங்காளதேசத்திலிருந்து வந்த சிலர் தரகருக்கு 4,000 டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். அப்போது நகரங்களில் குறைந்தபட்ச மாதக் கூலி 1,200 ரிங்கிட், 300 டாலர்கூட இல்லை. ஓராண்டுக்கு மேல் சாப்பிடாமல் உழைத்தால் தரகர் கடன் தீரும். இப்படிக் கடனோடு இருப்பவன் காய்ச்சல் என்று சொல்லி வேலைக்கு வராமல் இருப்பானா? தொற்று பரவியதில் இந்தக் கடனுக்கு ஒரு பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

*

இந்தச் சங்கிலி மறுபடி அறாமல் காக்க எடுத்த முயற்சிகளில் எது பலித்தது? அமெரிக்கா முதலில் பணத்தைக் கொட்டிப் பார்த்தது. உள்நாட்டிலேயே கையுறை செய்ய நூற்றுக்கணக்கான மில்லியன் டாலர் மானியம் போனது. வர்ஜீனியாவின் வைத்வில் என்ற சிற்றூரில் நைட்ரைல் பால் காய்ச்சவென்று மட்டும் 12 கோடி டாலருக்கு மேல் கொடுத்து எழுப்பிய ஆலை, கொள்ளைநோய் ஓய்ந்து ஆண்டுகள் கழித்தும் பால் தராமல் நின்றது. அரசு கொள்முதலில் உள்நாட்டுக் கவசங்களையே, அதுவும் குறைந்தது இரண்டாண்டு ஒப்பந்தத்தில், வாங்க வேண்டும் என்று 2021 நவம்பரில் சட்டம் வந்தது. இதில் அந்த இரண்டாண்டு நிபந்தனை புத்திசாலித்தனமானது. நாளைக்கும் வாங்குவேன் என்று சொல்லாமல் இன்றைக்குத் தொட்டி கட்டச் சொன்னால் யார் கட்டுவார்?

சேமிப்புக் கிடங்கு இன்னொரு வழி. மாஸ்கைப் போலக் கையுறையையும் கிடங்கில் அடுக்கலாம். ஆனால் ரப்பருக்கு வயது உண்டு, சில ஆண்டுகளில் நொய்ந்துபோகும். சுழற்றிச் சுழற்றி மருத்துவமனைக்குக் கொடுத்துப் புதிதை நிரப்பாத கிடங்கு குப்பைக்கிடங்காகும்.

உண்மையில் கடித்தது 1930ஆம் ஆண்டின் ஒரு பழைய சட்டம். அமெரிக்கச் சுங்கவரிச் சட்டத்தின் 307ஆம் பிரிவு, கட்டாய உழைப்பில் செய்த சரக்கை நாட்டுக்குள் விடாதே என்கிறது. 2020 ஜூலையில், உலகமே கையுறைக்குத் தவித்த நேரத்தில், அந்தப் பிரிவின் கீழ் டாப் குளோவின் இரு துணை நிறுவனங்களின் சரக்கு தடுக்கப்பட்டது. கடனடிமைத்தனம், மிதமிஞ்சிய மேலதிக நேர வேலை, அடையாள ஆவணங்களைப் பறித்து வைத்தல், மோசமான தங்குமிடம் என்று குற்றங்களைச் சுங்கத்துறை அடுக்கியது. 2021 மார்ச்சில் தடை நிறுவனம் முழுவதற்கும் விரிந்தது. மே மாதம் ஒஹையோவில் 39 லட்சத்து 70 ஆயிரம் கையுறைகளைப் பறிமுதல் செய்தார்கள். மதிப்பு 5,18,000 டாலர். அதற்குள் நிறுவனம் தொழிலாளிகளுக்குத் தரகுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. சுமார் 15 கோடி ரிங்கிட் அப்படித் திரும்பியது. செப்டம்பரில் தடை நீங்கியது. மானியம் பல ஆண்டுகளில் செய்யாததைத் துறைமுக வாசலில் ஒரு பெட்டியை நிறுத்தி வைத்தது சில மாதங்களில் செய்தது. தரகுப் பணத்தை முதலாளியே ஏற்க வேண்டும் என்ற 1907இன் கணக்கு அமெரிக்கச் சுங்கத்துறை வழியாகச் சுற்றி வந்து கிள்ளானில் இறங்கியது.

பிறகு பழைய சுற்று மறுபடி ஓடியது. 2020இல் எல்லோரும் வரிசைகளைக் கூட்டினார்கள், சீனர்கள் இன்னும் வேகமாகக் கூட்டினார்கள். நோய் தணிந்ததும் விலை பழைய நிலைக்கும் கீழே விழுந்தது. 2023இல் டாப் குளோவுக்கு 90 கோடி ரிங்கிட்டுக்கு மேல் நஷ்டம். பத்தாங் பெர்ஜுந்தை என்று தோட்டத்துக்காரர்கள் அறிந்த பெஸ்தாரி ஜெயாவில் ஹார்டலேகா நிறுவனம் தன் தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்தது. 2024 செப்டம்பரில் அமெரிக்கா சீனக் கையுறைகள்மேல் 2025இல் 50 சதவீதம், 2026இல் 100 சதவீதம் என்று வரி அறிவித்தபோதுதான் கிள்ளான் கொஞ்சம் மூச்சுவிட்டது.

மலேசியாவின் சொந்தப் பதில் இந்தத் தொடருக்கு மிக நெருக்கமானது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம், தோட்டத்து லயங்களுக்கும் சுரங்கக் கொட்டகைகளுக்குமாக எழுதப்பட்டது. தொழிற்சாலைத் தங்குமிடம் அதில் வராது. 2019இல் திருத்தி எல்லாத் தொழிலுக்கும் விரித்தார்கள். 2020 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. முதலாளிகள் தயாராக ஆகஸ்டு கடைசிவரை அவகாசம். நவம்பரில் மேரு வெடித்தது. அப்போது மனிதவள அமைச்சராக இருந்து அந்தச் சட்டத்தைக் கையிலெடுத்தவர் மு. சரவணன், ஒரு தமிழர். மறுவருடம் ஈப்போ நீதிமன்றத்தில் டாப் குளோவ்மேல் அனுமதி பெறாத தங்குமிடங்களுக்காக வழக்குகள் பதிவாயின.

அந்தச் சட்டத்தின் விதிகளை எடுத்து வாசித்துப் பார்த்தேன். பொதுக்கூடத்தில் படுப்பவருக்கு ஆளுக்கு 3 சதுர மீட்டர் இடம். 1.7 சதுர மீட்டருக்குக் குறையாத தனிக் கட்டில். நான்கு அங்குலத் தடிப்பில் மெத்தை. ஒரு தலையணை, ஒரு போர்வை. அப்புறம் ஒரு பூட்டுள்ள அலமாரி. நீளம் 0.35 மீட்டர், அகலம் 0.35 மீட்டர், உயரம் 0.9 மீட்டர். பாஸ்போர்ட்டைத் தானே வைத்துக்கொள்ள அவ்வளவு போதும்.

(தொடரும்)